உங்களுக்குத் தெரியுமா? தட்டில் எருமை, கிளாஸில் ஓல்டு மாங்க்
டெல்லியில் பசு, காளை, எருது இறைச்சியைக் கையில் வைத்திருப்பதே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே கரோல் பாக்கானாலும் கனாட் பிளேஸானாலும், ‘பீஃப் ஸ்டேக்’ என்று வருவது பெரும்பாலும் எருமைக் கறிதான். கொழுப்பு குறைவு, அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக விட்டால் செருப்புத்தோல்!

துணைக்கு வரும் காக்டெய்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1954-இல் வந்த ஓல்டு மாங்க் ரம், பக்கத்து காஸியாபாத்தின் மோகன் மீக்கின் சரக்கு. சொரசொரப்பான குட்டைப் பாட்டில், வெனிலா வாசம், 42.8 சதவீத ஆல்கஹால். கோலாவும் எலுமிச்சையும் சேர்ந்தால் போதும். குடை குத்திய அலங்காரமெல்லாம் விலையை ஏற்றத்தான். ஆலை உள்ள மோகன் நகருக்கு மெட்ரோவிலேயே போகலாம். கம்பெனியை 1949-இல் வாங்கிய நரேந்திர நாத் மோகனின் பெயர்தான் அந்த ஊருக்கு.