பறவை மோதினால் விமானம் என்ன ஆகும்? விளையாட்டும் நிஜமும்



காலாண்டு லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுகிற விளையாட்டு வைத்திருக்கிறார். அதன் பெயர் டி.சி.எஸ். நிஜ விமானத்தில் இருக்கிற பொத்தான், முள், விளக்கு எல்லாம் அதிலும் அப்படியே இருக்கிறது. இப்படி நிஜத்தைப் போலவே செய்து காட்டுவதற்குச் சிமுலேட்டர் என்று பெயர். அதில் 'பறவைகள்' என்று ஒரு அமைப்பு இருந்தது. அண்ணன் அதைப் பூஜ்யத்தில் வைத்திருந்தார்.

"ஏண்ணா?" என்று கேட்டேன்.

"பறவை மோதினா இன்ஜின் போயிடும். ஆட்டமே கெட்டுடும்" என்றார்.

எனக்கு ஒரே யோசனையாகப் போய்விட்டது. விளையாட்டில் பறவையைப் பூஜ்யம் ஆக்கலாம். வானத்தில் ஆக்க முடியுமா? இத்தனூண்டு பறவை இவ்வளவு பெரிய விமானத்தை என்ன செய்துவிடும்?

ஒரு சின்னக் கணக்கு

இயக்க ஆற்றல் என்பது நிறையையும் திசைவேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதில் பாதி. பறவையின் எடை 2 கிலோ, விமானத்தின் வேகம் விநாடிக்கு 100 மீட்டர் என்று வையுங்கள். விடை 10,000 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நல்ல தென்னைமர உச்சியிலிருந்து, கீழே போட்டால் வருகிற அடி அது. விமானத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்காகும். அதாவது நாலு மூட்டை! போர் விமானங்கள் பல நேரம் தாழ்வாகவும் வேகமாகவும் பறக்கும். பறவைகளும் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

ஜெட் இன்ஜினின் முன்பக்கம் பெரிய விசிறி இருக்கிறது. அதுதான் காற்றை உள்ளே இழுக்கும். பறவை உள்ளே போனால் விசிறித் தகடுகள் வளையும், உடையும். உள்ளே போகிற காற்றின் ஓட்டம் கெட்டு இன்ஜின் வலு இழக்கும். அதனால் புது வகை இன்ஜினைச் செய்யும்போது, செத்த பறவைகளைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் அதற்குள் சுட்டு, தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள்.

நம் நாட்டில் நடந்தது

2019 ஜூன் 27 அன்று ஹரியானா மாநிலம் அம்பாலாவில் நம் விமானப்படையின் ஜாகுவார் விமானம் கிளம்பிய உடனே பறவை மோதி ஒரு இன்ஜின் போய்விட்டது. ஜாகுவாருக்கு இரண்டு இன்ஜின். விமானி கூடுதல் எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு எடையைக் குறைத்தார். மீதி ஒரு இன்ஜினோடு பத்திரமாக இறங்கிவிட்டார். மிக்-21, தேஜஸ் போன்றவற்றுக்கு இருப்பதே ஒரு இன்ஜின்தான். அது நின்று, மறுபடி கிளம்பாவிட்டால், விமானி இருக்கையோடு வெளியே குதிக்க வேண்டியதுதான். விளையாட்டில் குதித்தால் அடுத்த ஆட்டம் வரும். நிஜத்தில் ஆளில்லாத விமானம் யார் வீட்டில் விழும் என்றும் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டும்.

சிமுலேட்டரில் எது குறைகிறது?

இன்ஜின் கோளாறை டி.சி.எஸ். ஓரளவு நன்றாகவே காட்டுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியும், வேகம் குறையும், விமானம் இறங்கத் தொடங்கும். எந்தக் கோளாறு, எத்தனை நிமிஷம் கழித்து வரணும் என்றுகூட நாமே வைக்கலாம். அதுதான் குறை என்று நினைக்கிறேன். நாமே வைத்தால், வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே!

இதற்கு நல்ல உதாரணம் ஒரு பயணிகள் விமானம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று கிளம்பியது. சுமார் 2,800 அடி உயரத்தில் கனடா வாத்துக் கூட்டம் மோதியது. ஒவ்வொரு வாத்தும் 3 கிலோவுக்கு மேல். இரண்டு இன்ஜினும் வலு இழந்துவிட்டன. விமானி சல்லன்பெர்கர், துணை விமானி ஸ்கைல்ஸ். கையேட்டில் இருந்த குறிப்புகளோ 20,000 அடிக்கு மேல் இன்ஜின் நின்றால் செய்வதற்காக எழுதியவை. படித்து முடிக்கவே நேரம் இல்லை. மோதிய 208 விநாடியில் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார்கள். இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. விமான நிலையத்துக்கே திரும்பியிருக்கலாமே என்ற கேள்வி வந்தது. சிமுலேட்டரில் வேறு விமானிகளை வைத்துப் பார்த்தார்கள். மோதிய உடனே திருப்பியபோது சில தடவை ஓடுபாதையில் இறங்க முடிந்தது. ஆனா அவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நிஜத்தில் என்ன ஆச்சு என்று புரியவே நேரம் வேண்டுமே? அதற்காக 35 விநாடி கழித்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஓடுபாதைக்குப் போய்ச் சேர முடியவில்லை. ஆற்றில் இறக்கியதுதான் சரி என்று விசாரணைக் குழு முடிவு சொன்னது.

நான் செய்த சோதனை

இதைப் படித்ததும் அண்ணனிடம், "நான் ஒரு கோளாறு வைக்கிறேன், எப்ப வரும்னு சொல்ல மாட்டேன்" என்றேன். சிரித்துக்கொண்டே ஓட்டினார். எட்டாவது நிமிஷம் இன்ஜின் நின்றது. அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு எண்ணும்வரை கை எதையும் தொடவில்லை. விமானம் மலையில் மோதிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இன்னொரு தடவை வை. சொல்லாம வை" என்றார். பறவையையும் பூஜ்யத்திலிருந்து மாற்றிவிட்டார்.

தோழிகளே, தோழர்களே, ஆபத்தில் ஒருவர் எடுத்த முடிவைப் பார்த்து, "நானா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பேன்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதற்கு முன் அவருக்கும் அந்த 35 விநாடியைக் கொடுத்துப் பார்ப்போமா?



ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி