தோளில் ஏறிய கைத்துப்பாக்கி

டில்லி மெட்ரோவின் விதான் சபா நிலையத்துக்கு அருகில், இன்று டில்லி சட்டசபை கூடும் பழைய வெள்ளைக் கட்டடத்தை ஆபீசுக்குப் போவோரும் வருவோரும் தினமும் கடந்து செல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வைசிராயின் சட்டசபை கூடியது இங்குதான். சந்தேகத்துக்கு உள்ளானவரை விசாரணையின்றி அடைத்து வைக்க வழி செய்த ரௌலட் சட்டம் 1919 மார்ச்சில் இங்கேதான் நிறைவேறியது. அந்தச் சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்த அறிக்கையில் ஒரு மரப்பெட்டியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அது கைத்துப்பாக்கி வைக்கும் உறை. அதே உறையைத் துப்பாக்கியின் பிடியில் மாட்டினால், தோளில் அணைத்துச் சுடும் கட்டையாகிவிடும்!

கையும் தோளும்

கைத்துப்பாக்கி என்பது கைக்கெட்டும் தூரத்துக்கான ஆயுதம். 1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான். ரயில் பெட்டிக்குள், மிக அருகில் நின்று சுட்டதால் குறி தவறவில்லை. ஆனால் எதிராளி ஐம்பது கெஜத்துக்கு அப்பால் நின்றால் கதையே வேறு. நீட்டிய கை நடுங்கும். குழல் குட்டையானது, குறி பார்க்கும் முன் முனைக்கும் பின் முனைக்கும் இடைவெளி குறைவு. பிடியில் ஒரு நூல் பிசகினாலும் தோட்டா முழக்கணக்கில் விலகிப் போகும்.

இந்தக் குறைக்கு ஜெர்மனியின் மௌசர் கம்பெனி கண்ட பரிகாரம்தான் அந்த மர உறை. 1896-ல் வந்த அதன் கைத்துப்பாக்கி பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். உறையைப் பிடியோடு இணைத்துவிட்டால் இரண்டு கைகளோடு தோளும் சேர்ந்து தாங்கும். கன்னத்தைக் கட்டையில் பதித்து நிதானமாகக் குறி பார்க்கலாம். நூறு கெஜத்திலும் பயன்படும் ஆயுதமாகிவிடுகிறது. வேலை முடிந்ததும் கழற்றி, துப்பாக்கியை அதே உறைக்குள் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க முடியாதவர்களுக்கு இது எத்தகைய வரப்பிரசாதம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குமாஸ்தாவின் துணிச்சல்

வங்காளத்துப் புரட்சியாளர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். கல்கத்தாவில் ரோடா கம்பெனி என்ற ஆயுத வியாபாரிகளிடம் ஸ்ரீஷ் சந்திர மித்ரா என்பவர் குமாஸ்தாவாக இருந்தார். கப்பலில் வரும் சரக்கைச் சுங்க அலுவலகத்திலிருந்து விடுவித்துக் கொண்டுவருவது அவர் வேலை. 1914 ஆகஸ்டு 26-ம் தேதி அவர் 202 பெட்டிகளை விடுவித்தார். வான்சிட்டார்ட் ரோவில் இருந்த கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. "மிச்சத்தைக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை.

அந்தப் பத்துப் பெட்டிகளும் ஒரு மாட்டு வண்டியில் வேறு திசையில் போய்விட்டன. வண்டிக்காரன் வேஷத்தில் இருந்தவர் ஹரிதாஸ் தத்தா என்ற புரட்சியாளர். பெட்டிகளில் இருந்தவை 50 மௌசர் துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும். கம்பெனி போலீசுக்குத் தகவல் கொடுத்தபோது மூன்று நாட்கள் கடந்துவிட்டன.

பாலசோர் காட்டிய உண்மை

தோளில் வைத்துச் சுடத்தக்க இந்த மௌசர்களுக்குப் பெரும் சோதனை 1915 செப்டம்பர் 9-ம் தேதி வந்தது. ஒரிசாவில் பாலசோருக்கு அருகே 'பாகா ஜதின்' என்று பெயர் பெற்ற ஜதீந்திரநாத் முகர்ஜியையும் அவருடைய நான்கு தோழர்களையும் ஆயுதப் போலீசார் சுற்றி வளைத்தனர். சாதாரணக் கைத்துப்பாக்கியோடு ரைஃபிள்காரர்களை எதிர்ப்பது நினைத்துப் பார்க்க முடியாதது. இவர்களோ பள்ளத்தில் மறைந்தபடி நெடுநேரம் எதிர்த்து நின்றார்கள்.

ஆயினும் முடிவு மாறவில்லை. சித்தப்பிரியா களத்திலேயே வீழ்ந்தார். ஜதின் மறுநாள் பாலசோர் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். மனோரஞ்சனும் நிரேனும் தூக்கு மேடை ஏறினார்கள். ஜோதிஷ் பாலுக்குச் சிறைத் தண்டனை.

மரக்கட்டை கையின் நடுக்கத்தைப் போக்கும். தோட்டாவின் பலத்தைக் கூட்டாது. போலீஸ், பட்டாளத்தின் .303 ரைஃபிள் தோட்டா, மௌசர் தோட்டாவைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகசக்தி உடையது. மௌசரின் குறிகாட்டியில் ஆயிரம் மீட்டர் வரை கோடு போட்டிருந்ததெல்லாம் வெறும் வியாபாரப் பெருமையே!

டில்லியில் இரு சாஸ்திரிகள்

ஆனால் அரசாங்கத்தின் கணக்கு வேறாக இருந்தது. திருடு போன 50-ல் 44 துப்பாக்கிகள் உடனடியாக ஒன்பது குழுக்களுக்குப் பங்கிடப்பட்டன என்றும், 54 சம்பவங்களில் அவை பயன்பட்டன என்றும் 1918-ல் ரௌலட் கமிட்டி எழுதிற்று. அதுவரை மீட்கப்பட்டவை 31 மட்டுமே. பெட்டியைப் பிடியில் இணைத்தால் ரைஃபிள் போலத் தோளிலிருந்து சுடலாம் என்ற விவரத்தையும் கமிட்டி குறிப்பிடத் தவறவில்லை.

அந்தக் கமிட்டியில் ஓர் உறுப்பினர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி. வி. குமாரசுவாமி சாஸ்திரி. அறிக்கையையொட்டி வந்த மசோதாவை 1919 பிப்ரவரியில் டில்லி சபையில் கடுமையாக எதிர்த்துப் பேசியவரும் ஒரு சாஸ்திரியே: வலங்கைமான் தந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். குற்றவாளிகளைப் பிடிக்க விரித்த வலையில் குற்றமற்றவர்களும் விழுவார்கள் என்பது அவர் வாதம். மசோதா சட்டமாயிற்று. மார்ச் 30-ம் தேதி டில்லியில் நடந்த ஹர்த்தாலில் சுடப்பட்டு இறந்தவர்களின் கையில் மௌசரும் இல்லை, மரக்கட்டையும் இல்லை.

சுவருக்குப் பின்னால்

கைத்துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றும் யோசனை இன்றும் உயிரோடு இருக்கிறது. 1984-ல் தோன்றிய தேசிய பாதுகாப்புப் படையின் கமாண்டோக்களிடம் 'கார்னர் ஷாட்' என்ற கருவி உண்டு. தோளில் அணைத்துப் பிடிக்கும் சட்டம், அதன் முன் நுனியில் கைத்துப்பாக்கி, நடுவில் கீல், முன்னால் காமிரா, பின்னால் சிறு திரை. சுவர் மறைவில் நின்றபடியே முனையை மட்டும் திருப்பி, திரையில் பார்த்துச் சுடலாம். இஸ்ரேலில் பிறந்த இக்கருவியைப் போன்ற ஒன்றைப் புனேயில் உள்ள நம் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடமும் வடிவமைத்திருக்கிறது.

இதிலும் தோட்டாவின் பலம் கூடவில்லை. வீட்டுக்குள் பயங்கரவாதி ஒளிந்திருக்க, மூலையைத் தாண்டித் தலையை நீட்ட வேண்டிய ஜவானின் தலை சுவருக்குப் பின்னாலேயே இருக்கிறது. பாலசோர் பள்ளத்தில் கிடந்த ஐவருக்குக் கிடைக்காத பாதுகாப்பு அது.