பன்னிரண்டு கறுப்புத் துண்டுகள்

பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்து ஒன்று கிடைத்தால், அதிலுள்ள கறுப்புத் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். 12 இருக்கும். 1970 மெக்சிகோ உலகக்கோப்பையில் ஆடப்பட்ட ‘டெல்ஸ்டார்’ பந்தின் அமைப்பு அது: 20 வெள்ளை அறுகோணங்கள், 12 கறுப்பு ஐங்கோணங்கள். நிறம் தயாரிப்பாளரின் விருப்பம். எண்ணிக்கை அப்படியல்ல, கணக்கு இட்ட கட்டளை.

மூன்று அறுகோணங்களை ஒரு முனையில் சேர்த்தால் 120, 120, 120 என்று 360 பாகை நிரம்பிவிடும். துண்டு தட்டையாகவே கிடக்கும், வளைய இடமில்லை. ஒன்றை எடுத்துவிட்டு ஐங்கோணம் வைத்தால் 348 பாகைதான். குறைகிற அந்த 12 பாகை இடைவெளியை இழுத்து மூடும்போதுதான் பரப்பு குவிகிறது. முனைதோறும் மூன்று துண்டுகள் சந்திக்கும் பந்தில் அறுகோணங்களை ஆயிரக்கணக்கில் கூட்டலாம். இந்த இரு வடிவங்கள் மட்டும் என்றால் ஐங்கோணம் 12 தான். ஆய்லரின் சூத்திரம் கூட்டவோ குறைக்கவோ விடாது.

கணினியில் வடிவமைப்பவர்கள் இதை மறந்துவிட்டுத்தான் அவதிப்படுகிறார்கள். ரைனோ மென்பொருளில் கிராஸ்ஹாப்பர் என்ற பகுதியைத் திறந்து, புள்ளிகளைத் தூவி, வோரொனாய் கட்டளை கொடுத்தால் நொடியில் கண்ணறைகள் வந்து நிற்கும். தன் புள்ளிக்கு மிக அருகிலுள்ள இடமெல்லாம் அந்தந்த அறைக்குச் சொந்தம், அவ்வளவுதான் விதி. (இந்த வடிவத்தை விளக்குக் கூண்டு முதல் பொய்க்கூரை வரை பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.) தட்டையாக வரைந்ததைக் கோளத்தின் மேல் போர்த்தினால்தான் வினை. தேங்காய்க்குச் செய்தித்தாள் சுற்றுவது போலத்தான். படத்தின் மேல்விளிம்பு முழுவதும் உச்சியில் ஒரே புள்ளியாகச் சுருங்கும். நடுவில் கொழுத்த அறைகள், துருவத்தில் சிலாம்புகள்.

புள்ளிகளை வளைந்த பரப்பின் மேலேயே தூவி, முப்பரிமாண வோரொனாய் அறைகளை அந்தப் பரப்பால் வெட்டுவதே நல்ல வழி. பிறகு ஒவ்வொரு புள்ளியையும் தன் அறையின் மையத்துக்கு நகர்த்தி மறுபடி வரைய வேண்டும். லாயிடு என்பவரின் பெயரால் வழங்கும் இந்த முறையைச் சில பத்துத் தடவை செய்தால் அறைகள் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து, பெரும்பாலும் அறுகோணமாகும். நடுநடுவே ஏழுகோணமும் முளைக்கும். ஆனால் கோளத்தில் ஓர் ஏழுகோணம் வந்தால், ஈடுகட்ட ஓர் ஐங்கோணம் கூடிவிடும். சேணம் போல எதிரெதிராக வளையும் பரப்பில் வளைக்கும் வேலையைச் செய்வது ஏழுகோணமே.

திரையில் வரைந்ததைக் கட்டுவது வேறு கதை. அறுகோணத்தின் ஆறு முனைகளும் வளைந்த பரப்பில் ஒரே தளத்தில் அமைவது அரிது. தட்டைக் கண்ணாடி அதில் உட்காராது. இங்கிலாந்தின் கார்ன்வாலில், பழைய களிமண் சுரங்கக் குழியில் 2001ல் திறக்கப்பட்ட ஈடன் திட்டத்தின் குவிமாடங்களில் கண்ணாடியே இல்லை. 11 மீட்டர் வரை அகலமுள்ள அறுகோணங்களில் ஈ.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் படலத்தைப் பல அடுக்காக வைத்துத் தலையணை போலக் காற்றடைத்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் முற்றக் கூரைக்குக் கண்ணாடிதான். அங்கே அறுகோணமல்ல, முக்கோணம்: மூன்று முனைகள் எப்படி இருந்தாலும் ஒரே தளம்தானே. மொத்தம் 3,312 கண்ணாடிகள், அநேகமாக ஒவ்வொன்றும் தனித்தனி அளவு.