குழந்தைகளுக்கான ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சையில் தடுப்பு நுண்ணுயிர் எதிர்ப்பிகள்

தடுப்பு நுண்ணுயிர் எதிர்ப்பி என்பது அறுவைச் சிகிச்சையால் ஏற்படக்கூடிய நோய்த்தொற்றைத் தவிர்ப்பதற்காக, தொற்று தோன்றுவதற்கு முன்னரே கொடுக்கப்படும் மருந்து ஆகும். ஏற்கனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தக் கொடுக்கப்படும் மருந்திலிருந்து இது வேறுபட்டது. குழந்தைகளில் உதடு மற்றும் அண்ணப் பிளவு, ஒட்டிய விரல்கள், தீக்காயத் தழும்புச் சுருக்கம் ஆகியவற்றைச் சீராக்கும் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைகளில் இதன் பயன்பாடு முக்கியமானது.

செயல்படும் முறை

தோலை வெட்டும்போது, தோலிலும் வாயிலும் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் காயத்தினுள் நுழைகின்றன. அந்நேரத்தில் இழையங்களில் போதிய மருந்து இருந்தால் அவை பெருக இயலாது. 1961 ஆம் ஆண்டு ஜான் பர்க் கினி எலிகளில் நடத்திய ஆய்வு, பாக்டீரியா நுழைந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்திற்குப் பின் கொடுக்கப்படும் மருந்தால் தொற்றைத் தடுக்க இயலவில்லை என்று காட்டியது. எனவே, எவ்வளவு நாள் கொடுக்கப்படுகிறது என்பதைவிட எப்போது கொடுக்கப்படுகிறது என்பதே முதன்மையானது.

உலக சுகாதார அமைப்பின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, தடுப்பு மருந்து தேவைப்படும் சிகிச்சைகளில் அதனை வெட்டுவதற்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் கொடுக்க வேண்டும். சிகிச்சை முடிந்தபின் தடுப்புக்காக அதனைத் தொடரக்கூடாது. பரவலாகப் பயன்படும் செஃபசோலின், குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் சிரை வழியே செலுத்தப்படுகிறது. சிகிச்சை நான்கு மணி நேரத்தைக் கடந்தால் மறுமுறை கொடுக்கப்படும். கை அறுவையில் குருதியோட்டத்தை நிறுத்தும் பட்டையை இறுக்குவதற்கு முன்னரே முழு அளவும் சென்றிருக்க வேண்டும். இல்லையெனில் மருந்து விரல்களைச் சென்றடையாது.

எவற்றுக்குத் தேவை?

 * தூய காயம்: சிறிய தோற்கட்டி நீக்கம் போன்றவை. நலமான குழந்தைக்குப் பெரும்பாலும் மருந்து தேவையில்லை.
 * தூய, ஆனால் மாசுபடக்கூடிய காயம்: அண்ணப் பிளவுச் சீரமைப்பு. வாயில் பாக்டீரியாக்கள் மிகுதி என்பதால் சிகிச்சைக்கு முன் ஒரு தவணை வழக்கமாகக் கொடுக்கப்படுகிறது.
 * மாசுபட்ட அல்லது சீழ்பிடித்த காயம்: இங்குத் தரப்படுவது பெரும்பாலும் தடுப்பு மருந்து அன்று, சிகிச்சை மருந்தாகும்.

புதிய தீக்காயங்களுக்குத் தடுப்பு மருந்தை வழக்கமாகக் கொடுப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை.

அண்ணப் பிளவும் இந்திய ஆய்வும்

அண்ணத் தையலில் தொற்று ஏற்பட்டால் தையல் பிரிந்து துளை உண்டாகலாம். அதன் வழியே உணவு மூக்கிற்குச் செல்லும், பேச்சு தெளிவற்றதாகும், மறு அறுவையும் தேவைப்படலாம். இந்த அச்சத்தால் பல மருத்துவர்கள் சிகிச்சைக்குப் பின்னும் சில நாட்கள் மருந்து கொடுப்பதுண்டு. அசாம் மாநிலம் குவகாத்தியில் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு, சிகிச்சைக்குப் பிந்தைய வாய்வழி அமாக்சிசிலினை வெற்று மருந்துடன் ஒப்பிட்டது. மருந்து பெற்றோரிடம் சிக்கல்கள் சற்றுக் குறைவாகக் காணப்பட்டாலும், அவ்வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படவில்லை. ஆகவே இக்கேள்வி இன்னும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது.

மலைப்பகுதிக் குழந்தைகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் போன்ற ஊர்களில், பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிய 2013 இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் வழிசெய்கிறது. இத்திட்டம் கண்டறியும் குறைபாடுகளுள் உதடு மற்றும் அண்ணப் பிளவும் ஒன்று. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது.

மலையிலிருந்து வரும் குழந்தை மீண்டும் பரிசோதனைக்கு வருவது கடினம் என்பதால், கூடுதல் நாட்களுக்கு மருந்து கொடுத்தனுப்புவது பாதுகாப்பானது எனத் தோன்றலாம். ஆனால் தேவையற்ற மருந்து வயிற்றுப்போக்கு, ஒவ்வாமை ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருகவும் இடமளிக்கும். பின்னொரு நாள் அதே குழந்தைக்கு நுரையீரல் அழற்சி வந்தால், எளிய மருந்துகள் பலனளிக்காமல் போகலாம். மேலும், மருந்து கொடுத்திருப்பதே தொற்று வராது என்பதற்கு உறுதியாகாது.

அறுவைத் தொற்று பொதுவாக 30 நாட்களுக்குள் வெளிப்படும். காய்ச்சல், அதிகரிக்கும் சிவப்பு அல்லது வீக்கம், சீழ், துர்நாற்றம், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை இதன் அறிகுறிகளாகும். இவற்றைப் பெற்றோருக்கும் ஊர்ச் செவிலியருக்கும் முன்கூட்டியே விளக்கி, எங்கு வரவேண்டும் என்பதையும் தெரிவித்தல் மருந்துச் சீட்டை நீட்டிப்பதைவிடப் பயனுள்ளது.

பிற தடுப்பு முறைகள்

மருந்து மட்டும் தொற்றைத் தடுப்பதில்லை. கை கழுவுதல், கருவிகளை நுண்ணுயிர் நீக்கம் செய்தல், தோலை ஆல்ககால் கலந்த குளோரெக்சிடின் கொண்டு தூய்மையாக்கல், அறுவையின்போது குழந்தையின் உடல் வெப்பத்தைக் காத்தல், முன்னரே ஊட்டக்குறைவைச் சரிசெய்தல் ஆகியனவும் இன்றியமையாதவை. புதிதாகப் பிறந்த குழந்தைகளில் குளோரெக்சிடினைக் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும்.