பத்தாண்டு பழி சுமந்த பி53

1979-இல் பி53 என்ற புரதத்தைக் கண்டறிந்தபோது, புற்றுநோயைத் தூண்டும் ஆசாமி சிக்கிவிட்டான் என்றே விஞ்ஞானிகள் நினைத்தார்கள். பத்தாண்டுகள் அந்தப் பழி நீடித்தது. ஆய்வகங்களில் புழங்கிய மரபணுப் படிகள் ஏற்கெனவே பழுதானவை என்பது 1989 வாக்கில்தான் தெளிவானது. பழுதில்லாத பி53 புற்றை அடக்கும்.

செல்லின் டிஎன்ஏ சேதமடைந்தால், அது பிரிவதை பி53 நிறுத்திவைக்கிறது. சேதம் சரியாகட்டும் என்று காத்திருக்கும். சரியாகாதென்றால் செல்லையே மடியவைக்கும். பி16 என்ற இன்னொரு புரதமும் செல் கண்டபடி பெருகாமல் தடுக்கிறது.

இத்தகைய புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகளாக இருக்கின்றன. சைக்கிளில் ஒரு பிரேக் அறுந்தாலும் இன்னொன்று பிடிக்குமே, அந்த மாதிரி. இரண்டும் போனால்தான் ஆபத்து என்பதைக் குழந்தைகளின் கண்புற்றை ஆராய்ந்த ஆல்ஃப்ரெட் நட்சன் 1971-இல் முன்வைத்தார். பி53 மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தது: கெட்ட படியில் உருவாகும் புரதம் நல்ல புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதையும் முடக்கிவிடும்.

வாயில் இந்த மரபணுக்களைச் சேதப்படுத்துவதில் முன்னணியில் நிற்பவை புகையிலையும் பாக்கும். மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்கு மென்றால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்துவிட்டது.

இந்த மரபணுக்களின் இழப்பு ஒரே நாளில் நடப்பதில்லை. 1996-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வரைந்த படிநிலையில், பி16 இருக்கும் 9-ஆம் குரோமோசோம் பகுதி முதலிலேயே போகிறது. பி53 இருக்கும் 17-ஆம் குரோமோசோம் பகுதி பிறகு. வெளியே தெரிவதோ கன்னத்தின் உட்புறம் ஒரு வெண்படலம்தான். எல்லா வெண்படலமும் புற்றாவதில்லை. எது ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால்தான் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள்.

ஒரு நல்ல விஷயம், வாயை எட்டிப் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. கேரளத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம் இருந்தால் பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.