சமன்பாடு நான்கு, அறியாதவை பத்து

இளநிலைப் பொறியியலில் பாய்ம இயக்கவியல் என்பது பெரும்பாலும் பெர்னூலி கோட்பாடு, குழாய்களில் ஏற்படும் அழுத்த இழப்பு, பம்பு, டர்பைன் ஆகியவற்றோடு முடிந்துவிடும் பாடம். வாய்பாட்டில் எண்களைப் பொருத்தினால் விடை வந்துவிடும் என்ற நம்பிக்கையை அது மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. முதுநிலைப் படிப்பு முதலில் செய்வது அந்த நம்பிக்கையைக் கலைப்பதுதான். இந்தியாவில் எம்.டெக். சேர்க்கைக்கான ‘கேட்’ தேர்வின் ‘பொறியியல் அறிவியல்’ தாளில் இப்பாடம் 35 மதிப்பெண்களுக்குத் தனிப் பிரிவாகவே இடம்பெறுகிறது. அத்தாளில் கணிதம் கட்டாயம் என்பதற்கான காரணம் முதல் பருவத்திலேயே விளங்கிவிடும்.

திரவம், வாயு இரண்டையும் உள்ளடக்கிய பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று நழுவும்போது எழும் உள்ளுராய்வுக்குப் பாகுநிலை என்று பெயர். அதையும் கணக்கில் கொண்டு நியூட்டனின் இயக்க விதியைப் பாய்மத்துக்குப் பொருத்தி, பிரான்ஸின் நேவியரும் 1845இல் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸும் தனித்தனியே வந்தடைந்த சமன்பாடுகளே இத்துறையின் அடித்தளம். அவற்றுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் சீரான தீர்வு உண்டா என்பதை நிறுவுவோருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு இன்னும் வழங்கப்படவில்லை. பொறியாளர் அந்த நிரூபணத்துக்காகக் காத்திருக்க முடியாது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயையும் சாய நீரையும் கொண்டு காட்டினார். வேகம் குறைவாக இருக்கும்வரை நூலிழைபோல் நேராகச் செல்லும் சாயம், ஒரு கட்டத்துக்கு மேல் குலைந்து நீர் முழுவதும் பரவிவிடுகிறது. முன்னது வரிச்சீர் ஓட்டம், பின்னது கொந்தளிப்பு ஓட்டம். வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கி, அடர்த்தியால் வகுத்த பாகுநிலையால் அதை வகுத்துக் கிடைக்கும் ரெனால்ட்ஸ் எண் இந்த மாற்றத்தின் அளவுகோல். மாற்றம் நிகழும் மதிப்பைப் பாடநூல்கள் 2,300 என்று ஒரே எண்ணாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆனால் ரெனால்ட்ஸ் மிகுந்த கவனத்தோடு சோதித்தபோது ஏறத்தாழ 13,000 வரை ஓட்டம் குலையவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே சோதனையை அதே கருவியில் செய்தவர்களால், நகரப் போக்குவரத்தின் அதிர்வு காரணமாக அந்த அளவை எட்ட இயலவில்லை. மாறுநிலை என்பது பாய்மத்தை மட்டுமன்றிச் சூழலின் அமைதியையும் பொறுத்தது என்ற இந்த நுட்பத்துக்கே முதுநிலையில் ஒரு முழுப் பாடம் தேவைப்படுகிறது.

கொந்தளிப்பின் ஒவ்வொரு சுழலையும் பின்தொடர இயலாது என்பதால், 1895இல் ரெனால்ட்ஸ் வேகத்தைச் சராசரி என்றும் ஏற்றஇறக்கம் என்றும் பிரித்து, சமன்பாடுகளையே சராசரிப்படுத்தினார். சராசரி எடுத்த பின்னும் சமன்பாடுகள் நான்குதான். ஆனால் மூன்று திசைவேகக் கூறுகளோடும் அழுத்தத்தோடும் ஏற்றஇறக்கங்களால் விளையும் ஆறு புதிய தகைவுகள் சேர்ந்துகொள்வதால், அறியாக் கணியங்கள் பத்தாகிவிடுகின்றன. அந்தத் தகைவுகளுக்குத் தனிச் சமன்பாடு எழுதினால், அதற்குள் இன்னும் கூடுதலான அறியாதவை முளைக்கின்றன. இந்த இடைவெளியை ஊகத்தால் அடைப்பதையே கொந்தளிப்பு மாதிரி என்கிறார்கள்.

தொழில்துறையில் மிகுதியாகப் புழங்கிய கே-எப்சிலான் மாதிரியில் 0.09, 1.44, 1.92 என்று நிற்கும் மாறிலிகள் இயற்கை விதியிலிருந்து வந்தவையல்ல; சில எளிய ஓட்டங்களின் அளவீடுகளோடு இசையும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஓட்டம் சுவரைவிட்டு விலகும் இடத்தை அம்மாதிரி பெரும்பாலும் தாமதமாகவே காட்டும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தி வண்ணப்படம் பெறும் மாணவருக்கு இது தெரியாவிட்டால், அவர் பெற்றது படமே தவிர விடையன்று. ஆய்வேட்டுக்குக் கணினிவழிக் கணிப்பையே தேர்ந்தெடுக்கும் போக்கு வலுத்துவிட்ட நிலையில், மாதிரிகளின் வரம்பைக் கற்பிக்காத துறை தன் கடமையில் பாதியைக் கைவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

ஊகமே இல்லாமல் எல்லாச் சுழல்களையும் நேரடியாகக் கணக்கிடும் வழியும் உண்டு. இரு தட்டுகளுக்கிடையிலான ஓட்டத்தை அவ்வாறு கணக்கிட 1987இல் கிம், மோயின், மோசர் மூவரும் ஏறத்தாழ 40 லட்சம் கணிப்புப் புள்ளிகளைப் பயன்படுத்தினர். அதன் ரெனால்ட்ஸ் எண்ணோ சுமார் 3,300தான். அவ்வெண் பத்து மடங்கானால் புள்ளிகள் ஏறத்தாழ 180 மடங்காகவும், மொத்தக் கணிப்பு வேலை ஆயிரம் மடங்காகவும் பெருகும். பறக்கும் விமானத்தின் ரெனால்ட்ஸ் எண் கோடிகளில் இருப்பதால், அந்த வழி இப்போதைக்கு வடிவமைப்புக்கு உதவாது.

ஆகவே சோதனைக்கூடம் இன்னும் மூடப்படவில்லை. அங்கே பயன்படும் சூட்டுக்கம்பி வேகமானியின் உணர்முனை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கே தடிமனுள்ள டங்ஸ்டன் இழை. காற்று அதைக் குளிரச் செய்ய, வெப்பநிலை மாறாமல் காக்கத் தேவைப்படும் மின்சாரத்தைக் கொண்டு வேகத்தை அறிகிறார்கள். ஒரு தூசு மோதினாலும் இழை அறுந்துபோகலாம். அறையின் வெப்பநிலை சற்று உயர்ந்தாலும் முந்தைய நாளின் அளவுத்திருத்தம் பயன்படாது. ஆய்வேட்டில் ஒரே ஒரு வரைபடமாக அச்சாகும் தரவுக்குப் பின்னால் இத்தகைய வேலையே மிகுதி.

அளவிடுவதே ஆராய்ச்சியாக அமையும் என்பதற்குச் சதீஷ் தவானின் முனைவர் பட்டப் பணி சான்று. பாயும் பொருளின் பாகுநிலை வெளிப்படுவது சுவரை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்தில்தான் என்று ஜெர்மனியின் பிராண்டல் 1904இல் ஹைடல்பர்கில் விளக்கியிருந்தார். அங்கே காற்று சுவரை இழுக்கும் விசை, அதாவது மேற்பரப்பு உராய்வு, பெரும்பாலும் மறைமுகமாகவே கணிக்கப்பட்டு வந்தது. அமெரிக்காவின் கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மனின் வழிகாட்டுதலில் தவான், சுவரின் ஒரு சிறு துண்டைத் தனித்து நகரும்படி அமைத்து, அதன் நுண்ணிய இடப்பெயர்ச்சியிலிருந்து அவ்விசையை நேரடியாக அளந்தார். ஒலியைவிட வேகமான ஓட்டத்திலும் அம்முறை பலித்தது. 1951இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த அவரிடம் பயின்ற ரொத்தம் நரசிம்மா, வரிச்சீர் ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் இடைநிலையில் கொந்தளிப்பு விட்டுவிட்டுத் தோன்றும் விகிதத்துக்கு 1957இல் ஒரு விதியைத் தந்தார். டர்பைன் இதழ்களின்மீது பாயும் ஓட்டத்தைக் கணிக்கும் மாதிரிகளில் அந்த விதி இடம்பெற்றிருக்கிறது.