தோட்டாவில் அடைத்த காற்று

சென்னைக் கடற்கரையிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பலூன்களை வரிசையாகக் கட்டி வைத்து, காற்றுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்லும் கடைகளை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அந்தத் துப்பாக்கியில் மருந்தில்லை, நெருப்பில்லை. அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறிய ஈய ரவையைத் தள்ளி விடுகிறது, அவ்வளவுதான். இதே வமிசத்தில் பிறந்த ஒரு துப்பாக்கி, பிரிட்டனில் இருபது ஆண்டுக் காலம் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டது. பிறகு, இயந்திரத் துப்பாக்கியோடு சேர்த்து எண்ணப்படும் விலக்கப்பட்ட ஆயுதமாகிவிட்டது. அதை ஆசையோடு சேகரித்து வைத்திருந்தவர்களின் கதை நாமும் யோசிக்கத்தக்கது.

சாதாரணக் காற்றுத் துப்பாக்கியில் காற்றை அழுத்தும் பொறி துப்பாக்கியிலேயே இருக்கும். 1980-களின் தொடக்கத்தில் ஸாக்ஸ்பி பாமர் என்ற ஆங்கிலேய நிறுவனம் வேறொரு யுக்தியைக் கையாண்டது. உண்மைத் தோட்டாவைப் போலவே பித்தளையில் ஓர் உறை. அதனுள் ஒரு சிறு வால்வு. முனையில் ஈய ரவை. கையால் பம்பு அடித்து உறைக்குள் காற்றை நிரப்ப வேண்டும். விசையை இழுத்ததும் சுத்தி வால்வைத் தட்டும். காற்று சீறி ரவையைத் தள்ளும். காலியான உறையை எடுத்து மறுபடி நிரப்பிக் கொள்ளலாம். பின்னர் புரோகாக் என்ற நிறுவனம் இம்முறையைத் தொடர்ந்து நடத்தியது.

சேகரிப்போரை இத்துப்பாக்கி கவர்ந்ததற்குக் காரணம் அதன் வலிமையன்று. ரிவால்வரின் உருவமும் கனமும் அப்படியே அமைந்திருந்தன. உறைகளை ஒவ்வொன்றாய் நிரப்பி, சுழல் அறைகளில் ஒவ்வொன்றாய் இடும் அந்தச் சாவகாசமான வேலையே அவர்களுக்கு இன்பமாயிருந்தது. காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை ஆறு அடி-பவுண்டுக்கு மேற்படக்கூடாது என்ற வரம்புக்குள் அடங்கியதால் லைசென்ஸும் தேவைப்படவில்லை.

இந்நிலையில் 1996 மார்ச் 13-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்னும் சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் ஒருவன் கைத்துப்பாக்கிகளுடன் புகுந்து, பதினாறு குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். நாள்தோறும் வகுப்பறையில் நிற்கும் என் போன்றவர்களுக்கு இதற்கு மேல் விவரிக்க மனம் வராது. 1997-ல் பார்லிமெண்டு இரண்டு சட்டங்களை இயற்றி, தனி மனிதர்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைப் பெரும்பாலும் ஒழித்தது. துப்பாக்கிகளை ஒப்படைத்தவர்களுக்குச் சர்க்கார் நஷ்டஈடு கொடுத்தது.

காற்றுத் தோட்டாத் துப்பாக்கிகளை அச்சட்டங்கள் தொடவில்லை. ஆனால் துஷ்டர்களின் கண் அவற்றின்மேல் விழுந்தது. உண்மை ரிவால்வரின் அமைப்பே அவற்றுக்கும் இருந்தபடியால், உயிர் பறிக்கும் தோட்டாவைச் சுடும்படி அவற்றை மாற்றியமைக்க முடிந்தது. அவ்வாறு மாற்றப்பட்டவை கொள்ளையிலும் கொலையிலும் போலீஸாரிடம் அகப்படலாயின. ஆகவே, 2003-ஆம் வருஷத்துச் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, காற்றையோ வாயுவையோ தன்னுள் அடக்கிய தோட்டாவைப் பயன்படுத்தும் துப்பாக்கிகளை அடியோடு விலக்கியது. அது 2004 ஜனவரி 20-ஆம் தேதி அமுலுக்கு வந்தது.

ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஒரு வழி விடப்பட்டது. அவ்வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதிக்குள் போலீஸாரிடம் மனுச் செய்து சான்றிதழ் பெற்றால் தம்மிடம் வைத்துக் கொள்ளலாம். ஆனால் விற்கலாகாது, தானம் செய்யலாகாது, பிள்ளைக்கு விட்டுச் செல்வதும் இயலாது. மனுச் செய்ய விரும்பாதவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும். 1997-ல் கிடைத்தது போன்ற நஷ்டஈடு இம்முறை இல்லை.

இன்னொரு சட்டமும் இதோடு சேர்ந்து கொண்டது. விலக்கப்பட்ட ஆயுதம் வைத்திருப்போருக்குக் குறைந்தபட்சம் ஐந்தாண்டுச் சிறை என்ற விதி, இரண்டே நாள் கழித்து, ஜனவரி 22-ஆம் தேதி அமுலாயிற்று. ‘எனக்குத் தெரியாது’ என்பது அங்கே பதிலாகாது. மிக அசாதாரணமான சந்தர்ப்பங்களில் மட்டுமே நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். லைசென்ஸ் வேண்டாத பொருளாகையால், யார் யார் வாங்கினார்கள் என்பதற்குச் சர்க்காரிடம் ஜாபிதா கிடையாது. வீடு தேடிக் கடிதம் அனுப்ப வழியில்லை. வாங்கிப் பரண்மேல் போட்டு மறந்துவிட்ட ஒரு சாது, ஒரு தீங்கும் செய்யாமலே, தூங்கி எழுந்ததும் பெருங்குற்றவாளியாகிவிடலாம் அல்லவா?

ஆயுதச் சட்டம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டு வந்த சட்டம் இந்தியனை லைசென்ஸுக்காகக் கைகட்டி நிற்க வைத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அதைத் திருத்த வேண்டுமென்று 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை தீர்மானம் நிறைவேற்றியது. சுதந்திர இந்தியா 1959-ல் வேறு சட்டம் இயற்றி, 1962-ல் அமுலாக்கிய பிறகே அது மறைந்தது. பிரிட்டனின் 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அத்தகைய நிறபேதம் இல்லை; அது தன் சொந்த ஜனங்கள் எல்லோருக்கும் பொது. ஆயினும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முன்னது ‘நீ யார்?’ என்று கேட்டது. பின்னது ‘உன் கையிலுள்ள பொருள் எது?’ என்று கேட்கிறது. ‘நீ என்ன செய்தாய்?’ என்ற கேள்வியை இரண்டுமே கேட்கவில்லை.

இதனால் தடையே தவறென்று நான் சொல்லவில்லை. டன்பிளேனை நினைக்கும் எந்த ஆசிரியனும் அப்படிச் சொல்லத் துணியமாட்டான். சேகரிப்பவரின் இன்பத்தைவிடத் தெருவில் போகும் குழந்தையின் உயிர் பெரிது. ஆனால் நேற்றுவரை நேர்மையாக வாங்கிய பொருளைச் சர்க்கார் இன்று விலக்குமானால், அதற்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, கடைசி மனிதனுக்கும் விஷயம் எட்டும்படி அறிவிப்பது. மற்றொன்று, நஷ்டத்தைத் தானும் பகிர்ந்து கொள்வது. துப்பாக்கியை மாற்றியமைத்த துஷ்டனுக்கும், பரணில் வைத்து மறந்த சாதுவுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமாகாது.

சான்றிதழ் பெற்றவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து, தங்கள் துப்பாக்கியைக் காத்து வருகிறார்கள். அவர்களுக்குப் பின் அதைப் பெற வாரிசு இல்லை. ஆண்டுதோறும் அவை குறைந்து கொண்டே போகும். சட்டம் இயற்றியவர்கள் விரும்பியதும் அதுதான். அந்த விருப்பத்தை, குற்றமற்றவன் எவனையும் சிறைக்கு அனுப்பாமலே நிறைவேற்றிக் கொள்ள முடிந்தால், அதுவே நல்ல சட்டத்திற்கு அழகு.